ஷாங்ஸின் இடது கை: ஒரு நிகழ்வு ஆய்வு

கிளினிக்குக்குப் புது ஆள் ஒருவர் வந்தால் முதலில் ஒரு தாளில் நாலு வரி எழுதுவேன். பழக்கதோஷம், இவருக்கும் அதையே எழுதினேன்.

பெயர்: ஷாங்ஸ். ஆண். வயது 39. உயரம் 199 சென்ரிமீற்றர். தொழில்: கடற்கொள்ளைக் கப்பல் தலைவர், வாள்வீரர். இழப்பு: இடது கை, முழங்கைக்கு மேலே. இழக்கும்போது வயது 27. காரணம்: கடல்விலங்கு கடித்தது. செயற்கைக் கை: இல்லை. கேட்டதாகவும் தெரியவில்லை.

ஆள் உண்மையில் இல்லை. 1997இல் ஜப்பானில் தொடங்கி இன்னும் முடியாமல் ஓடிக்கொண்டிருக்கும் 'ஒன் பீஸ்' சித்திரக்கதையில் வருகிற செம்முடிக்காரர். திருகோணமலையில் இயன்மருத்துவராக வேலை பார்க்கிற எனக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், இரண்டு பெடியன்களின் சண்டைதான் சம்பந்தம்.

ஒருவன் என் மருமகன், அக்காவின் மகன், ஏ.எல். படிக்கிறான். மற்றவன் அவனுடைய வகுப்புத் தோழன், மட்டிக்களியில் வீடு. டச்சு பே கடற்கரையில் ஒரு பின்னேரம் இருவரும் இந்தக் கையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கி, கடைசியில் ஆளுக்கொரு சைக்கிளில் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். அஞ்சு நாள் பேச்சில்லை. சேர்ந்து போகிற டியூஷனுக்குத் தனித்தனியாகப் போனார்கள். அக்கா எனக்குப் போன் எடுத்து, "உனக்குத்தானே கை கால் போன ஆக்களைத் தெரியும், நீயே ஒரு தீர்ப்புச் சொல்லிவிடு" என்றார்.

மருமகனின் கட்சி: கை போனதால் ஷாங்ஸின் பலம் ஒரு துளியும் குறையவில்லை. தோழனின் கட்சி: குறைந்தது, அதைக் கதையே சொல்கிறது. நான் முதலில் சிரித்துவிட்டு விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இதே கேள்வியை வேறு வடிவத்தில் வாரத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். வெடிமருந்து வைத்து மீன் பிடித்துக் கையைக் கொடுத்தவர், மிதிவெடியில் காலைக் கொடுத்தவர், மோட்டார் சைக்கிளில் விழுந்தவர் என்று இந்தப் பக்கத்தில் ஆட்களுக்குக் குறைவில்லை. "இனி நான் பழையபடி வேலை செய்வேனா?" என்று அவர்கள் கேட்பதும், "ஷாங்ஸ் பழைய ஷாங்ஸா?" என்று பெடியன்கள் கேட்பதும் ஒன்றுதான். சரி, முறையாகவே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

இழப்பு நடந்த விதம்

நடந்தது முதல் அத்தியாயத்திலேயே. கதையின் நாயகனான லூஃபி அப்போது ஏழு வயதுப் பிள்ளை. அவனை ஒரு மலைக்கொள்ளையன் படகில் ஏற்றிக்கொண்டு போய்க் கடலில் உதைத்துத் தள்ளிவிடுகிறான். லூஃபி தின்ற ரப்பர் பழத்தின் சாபத்தால் அவனுக்கு நீந்த வராது. அந்தக் கரையில் திரிகிற பெரிய கடல்விலங்கு முதலில் கொள்ளையனை விழுங்குகிறது, பிறகு பிள்ளையிடம் வருகிறது. அந்த நேரத்தில் ஷாங்ஸ் தண்ணீரில் குதித்து வந்து பிள்ளையை வலது கையால் அணைத்துக்கொள்கிறார். விலங்கு இடது கையைக் கொண்டுபோகிறது. அதன் பிறகு ஒரு முறை முறைக்கிறார். அந்த முறைப்பிலேயே விலங்கு ஓடிவிடுகிறது.

மருமகனின் தோழன் இங்கே ஒரு குறுக்குக் கேள்வி போட்டான்: முறைத்தால் ஓடும் என்றால் முதலே முறைத்திருக்கலாமே? கேள்வி நியாயமானது. கதையை எழுதிய ஓடா அப்போது ஹாகி என்ற மனவலிமைச் சங்கதியை இன்னும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தவில்லை என்பது ஒரு பதில். என்னுடைய பதில் வேறு. பிள்ளை தண்ணீருக்குள் போகிறபோது யாருக்கும் முறைக்கத் தோன்றாது. பிள்ளையைப் பிடிக்கத்தான் கை போகும். எங்கள் கரையில் பிள்ளை அலையில் சறுக்கினால் தகப்பன் கையிலிருக்கிற போனை எறிந்துவிட்டுத்தான் பாய்வார்.

இந்த வழக்கில் நான் கவனிக்கச் சொல்வது அந்த ஒரு படத்தைத்தான்: வலது கையில் பிள்ளை, வாள் உறையில், மற்றக் கை விலங்கின் வாயில். இரண்டு கைக்கும் ஒரே நொடியில் வேலை வந்த இடம் அது. பெடியன்கள் இருவரும் இதைத் தாண்டிப் போய்விட்டார்கள். நான் பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

மருமகனின் சாட்சிகள்

கொப்பியில் எழுதிக்கொண்டே வந்திருந்தான். கணக்குப் பாடத்துக்கு இப்படி எழுதினால் அக்கா கோவிலுக்கு நேர்த்தி வைக்கத் தேவையில்லை.

ஒன்று, வைட்பியர்டைச் சந்திக்கப் போன இடம். உலகத்திலேயே பலசாலி என்று பெயரெடுத்த கிழவர் அவர். இருவரும் ஒரே ஒரு முறை ஆயுதத்தை மோதுகிறார்கள், வானம் இரண்டாகப் பிளக்கிறது. இரண்டு, கடற்படைத் தலைமையகமான மரின்ஃபோர்டில் நடந்த போர். கடற்படை அட்மிரல் அகைனுவின் எரிமலைக் குழம்புக் கையைத் தன் வாளால் தடுத்து, கோபி என்ற சின்னப் பெடியனைக் காப்பாற்றுகிறார். அதுவும் முதல்நாள் கைடோ என்ற இன்னொரு பெரிய கடற்கொள்ளைத் தலைவரோடு மோதிவிட்டு வந்து. மூன்று, 1079ஆம் அத்தியாயம். கிட் என்ற கப்பல் தலைவனை ஒரே வெட்டில் சாய்க்கிறார். இதில் ஒரு வேடிக்கை, கிட்டுக்கும் இடது கை இல்லை. ஷாங்ஸின் கூட்டத்தோடு மோதித்தான் அவனும் அதை இழந்தான். அவன் இரும்புக் கை மாட்டிக்கொண்டு வந்தான், இவர் வெறும் கோட்டுக்கையோடு வந்தார். யார் விழுந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள் மாமா என்றான் மருமகன்.

நாலாவது அவனுக்குத் துருப்புச்சீட்டு: நான்கு கடல் பேரரசர்களில் ஒருவராக ஷாங்ஸ் உயர்ந்ததே கை போன பிறகுதான். தலைக்கு விலை 404 கோடியே 89 லட்சம் பெரி, அது அந்தக் கதை உலகத்து நாணயம். குறைந்தவன் எப்படி உயர்வான்?

நாலாவதை முதலில் தள்ளிவிடுகிறேன், ஏனென்றால் அது சாட்சியே இல்லை. 27 வயதிலிருந்து 39 வரை ஒரு வாள்வீரன் எப்படியும் வளர்வான். வளர்ந்தான் என்பதால் இழக்கவில்லை என்று ஆகாது. இரண்டு கையோடு வளர்ந்திருந்தால் எங்கே நின்றிருப்பான் என்பதுதான் கேள்வி. கடன் பட்டு ஒரு படகை விற்றவர் பிறகு மீன் வியாபாரத்தில் நன்றாக வந்துவிட்டார் என்பதற்காக, அந்தப் படகு போனதால் நட்டமே இல்லை என்று சொல்வோமா?

மற்ற மூன்றும் நல்ல சாட்சிகள். ஆனால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மோதல். ஒரு தடுப்பு. ஒரு வெட்டு. எல்லாம் ஒற்றை.

ஒற்றை வெட்டுக்கு எத்தனை கை வேண்டும்

இந்த ஊரில் இருந்துகொண்டு வாள்வெட்டைப் பற்றிப் பேசினால் இராவணன் வெட்டைச் சொல்லாமல் விட முடியாது. கோணேசர் கோவிலுக்குப் பக்கத்தில், சுவாமி மலைப் பாறை கடலுக்கு மேல் பிளந்து நிற்கிற இடம். இராவணன் தன் வாளால் வெட்டியது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தோம். அவனுக்கு இருபது கை. அதில் எந்தக் கையால் வெட்டினான் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஒரு வெட்டுக்கு ஒரு கை காணும் என்று நமக்கே உள்ளூரத் தெரிந்திருக்கிறது.

இது வாளைப் பொறுத்த விஷயமும்தான். ஜப்பானியக் கட்டானாவை இரண்டு கையால் பிடிப்பார்கள். கெண்டோ பழகுகிறவர்களுக்குப் பிடியின் அடியில் இருக்கிற இடது கைதான் முக்கியம் என்று சொல்லிக்கொடுப்பார்கள், வலது கை வழிகாட்டும். ஒரு கட்டானாக்காரர் இடது கையை இழந்தால் அவருக்கு இயந்திரமே போன மாதிரி. ஷாங்ஸின் வாளான கிரிஃபான் அந்த வகை இல்லை. அது சேபர், விரல்களுக்குக் காப்பு வைத்த ஒற்றைக்கை வாள். கப்பலில் போரிடுகிறவர்கள் மற்றக் கையால் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும், அவர்களுக்கு ஒரு கையில் அடங்குகிற ஆயுதந்தான் சரி. ஆக, பிடியில் அவர் இழந்தது பூச்சியம்.

உடம்பில் இழந்தது பூச்சியம் இல்லை. ஒரு முழுக் கை உடல் எடையில் ஏறக்குறைய 5 வீதம். எழுபது கிலோ ஆளுக்கு மூன்றரைக் கிலோ. முழங்கைக்கு மேலே வெட்டுப்பட்டால் அதில் பாதிக்கு மேல் போய்விடும். ஒரு பக்கம் அவ்வளவு பாரம் குறைந்தால் முதுகு மெல்ல வளைந்து கொடுக்கும், அந்தப் பக்கத்துத் தோள் மேலே ஏறும். நடக்கும்போது வலது கால் முன்னே போனால் இடது கை முன்னே வருகிறதே, அது சும்மா ஆட்டம் இல்லை, இடுப்பு திரும்புவதைச் சமன் செய்கிற வேலை. வாள்வீச்சிலும் இப்படித்தான். ஐரோப்பிய ஃபென்சிங்கில் பாய்ந்து குத்துகிறவர்கள் வெறுங்கையைப் பின்னால் நீட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கை ஒன்றையும் பிடிக்காது, உடம்பைப் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் உடம்பு பன்னிரண்டு வருடத்தில் இதையெல்லாம் பழகிவிடும். காலின் இடைவெளி மாறும், இடுப்பு கூடுதலாகத் திரும்பக் கற்றுக்கொள்ளும். ஹங்கேரி இராணுவத்தில் இருந்த காரோலி டக்காக்ஸ் என்ற துப்பாக்கி வீரருக்கு 1938இல் கைக்குண்டு வெடித்து வலது கை சிதைந்தது. சுடுகிற கையே அதுதான். யாருக்கும் சொல்லாமல் இடது கையால் பழகி 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் 1952 ஹெல்சிங்கியிலும் தங்கம் எடுத்தார். கைத்துப்பாக்கியும் சேபர் மாதிரித்தான், ஒரு கை ஆயுதம். இதை மருமகனுக்குச் சொன்னபோது எழுந்து நின்று கைதட்டினான். இரு தம்பி, இன்னும் முடியவில்லை என்றேன்.

தோழனின் சாட்சி

அவனிடம் இருந்தது ஒன்றே ஒன்று. உலகின் முதல் வாள்வீரர் என்ற பட்டத்தை வைத்திருக்கிற மிஹாக், ஷாங்ஸின் பழைய எதிராளி. இருவரும் முன்பு மோதிய மோதல்கள் ஊருலகம் பேசியவை, வைட்பியர்டே அதை நினைத்துச் சொல்கிறார். கை போன பிறகு ஷாங்ஸை ஒரு தீவில் சந்திக்கிற மிஹாக், ஒரு கை இழந்த உன்னோடு கணக்குத் தீர்க்க எனக்கு ஆசை இல்லை என்ற கருத்தில் பேசிவிடுகிறார். பிறகு இருவரும் உட்கார்ந்து குடிக்கிறார்கள்.

மருமகன் இதற்கு, "அது மரியாதைக்குச் சொன்னது. ஊனமுற்றவனை வென்றான் என்ற பெயர் வேண்டாம் என்று" என்றான். அதுவும் இருக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். மகாபாரதத்தில் சாத்தகியை வெட்டப்போன பூரிசிரவசின் கையை அருச்சுனன் அம்பால் அறுத்துவிடுகிறான். பூரிசிரவசு அதோடு ஆயுதத்தை விட்டுவிட்டுப் போர்க்களத்திலேயே உண்ணாநோன்பு இருக்கிறான். அப்படி இருந்தவனைச் சாத்தகி வெட்டியதை அன்றைக்கே எல்லோரும் பழித்தார்கள். கை இழந்தவனோடு மோதுவது வீரத்துக்கு இழுக்கு என்பது பழைய கணக்கு.

ஆனால் மிஹாக் அந்த வகை ஆள் இல்லை என்று எனக்குப் படுகிறது. அவர் அளந்து பேசுகிறவர். அவருக்கு வேண்டியது வெற்றி இல்லை, சரிசமமான நீண்ட மோதல். நாள்கணக்கில் வாளும் வாளும் பேசிக்கொள்கிற மோதல். அதில் இந்த ஆள் முன்பு இருந்த ஆளில்லை என்று பார்த்த பார்வையிலேயே கண்டுகொண்டார். எனக்கு அது மரியாதையாகப் படவில்லை, கிளினிக்கில் நான் செய்கிற மதிப்பீடு மாதிரித்தான் படுகிறது.

கடற்கரைச் சோதனை

பேசிப் பயனில்லை, செய்து பார்ப்போம் என்று சனிக்கிழமை பின்னேரம் டச்சு பேயில் இரண்டு பூவரசந்தடியோடு நின்றோம். மருமகனின் இடது கையை டீசேட்டுக்குள் விட்டு அக்காவின் பழைய சால்வையால் உடம்போடு சுற்றிக் கட்டினேன். கட்டின கை இல்லாத கை ஆகாது, பாரம் அங்கேயே இருக்கிறது. அதனால் சமநிலையைப் பற்றி இந்தச் சோதனை ஒன்றும் சொல்லாது. இருந்தாலும் இடது கை என்னென்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதைச் சொல்லும்.

முதல் இரண்டு சுற்றும் மருமகன்தான் வென்றான். கம்பு வீச்சில் அவன் கெட்டிக்காரன், ஒற்றைக் கையால் அடித்தாலும் அடி அடிதான். கச்சான் கடலை விற்கிறவர் வண்டியை நிறுத்திவிட்டு, "கட்டினவன்தான் வெல்லுறான்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். மூன்றாவது சுற்றில் தோழன் ஒரு சங்கதியைக் கண்டுபிடித்தான். நேராக நின்று அடிக்காமல் மருமகனின் இடது பக்கமாகவே சுற்றத் தொடங்கினான். மருமகன் ஒவ்வொரு முறையும் முழு உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது. மணலில் அப்படித் திரும்பித் திரும்பி மூச்சு வாங்கினான். அப்புறம் ஒரு தடவை சறுக்கி விழுந்தான். விழுந்தவன் எழும்ப வேண்டுமானால் கையை ஊன்ற வேண்டும், ஊன்றினால் கம்பை விட வேண்டும். கம்பை விடவில்லை. முழங்காலில் நின்றபடியே இரண்டு அடி வாங்கினான். இன்னொரு முறை கண்ணில் மணல் விழுந்தது, துடைக்கக் கை இல்லை. கம்பு பிடித்த கையின் முட்டியால் துடைக்கப் போய்க் கம்பாலேயே தன் நெற்றியில் இடித்துக்கொண்டான்.

கடலைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். மருமகன் மட்டும் சிரிக்கவில்லை, அவனுக்கு விஷயம் விளங்கத் தொடங்கியிருந்தது. சுற்று நீள நீள அவன் தோற்றான். அடியின் வேகம் கடைசிவரை குறையவில்லை. அடிக்கும் அடிக்கும் நடுவில்தான் அவன் தோற்றுக்கொண்டிருந்தான்.

மீன் வெட்டுகிற அண்ணன்

இதை எனக்கு முதலில் காட்டித்தந்தவர் சந்தையில் மீன் வெட்டுகிற ஓர் அண்ணன். பெயர் போட வேண்டாம் என்றார், எழுதலாம் என்றார். பத்தொன்பது வயதில் கடலில் டைனமைட் கையிலேயே வெடித்து, இடது கை முழங்கைக்குச் சற்று மேலே போனது. கிட்டத்தட்ட ஷாங்ஸுக்குப் போன அதே இடம்.

அவருடைய மரக்குற்றியில் ஒரு பெரிய ஆணி தலைகீழாக நிற்கும். சூரையை எடுத்துத் தலையை அந்த ஆணியில் ஒரு குத்து. மீன் அசையாது. அப்புறம் கத்தி செவுளுக்குள் போய், முள்ளோடு ஒட்டி வால்வரை ஓடி, ஒரு பக்கச் சதையைக் கழற்றிக்கொண்டு வெளியே வரும். திருப்பி மறுபக்கம். பக்கத்துக் குற்றியில் இரண்டு கைக்காரர் இன்னும் தலையை வெட்டிக்கொண்டிருப்பார். வெட்டை மட்டும் பார்த்தால் அந்தச் சந்தையில் இவர்தான் மிஹாக்.

ஆனால் துண்டு போட்ட மீனைப் பையில் போட வேண்டும். சொப்பிங் பை ஈரக் கைக்குத் திறக்காது. அதை ஆணியில் கொளுவி, பல்லால் கடித்து, ஊதித் திறப்பார். பிறகு தராசு. பிறகு காசு, மிச்சக்காசு. கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் ஒவ்வொன்றும். வெட்டில் முந்தினவர் வரிசையில் பிந்திவிடுவார். பக்கத்து ஆள் ஒரு கையில் கத்தியோடேயே மற்றக் கையால் பையை நீட்டி விடுவார். சந்தை முடிகிற நேரம் யாருடைய குற்றியில் கூடுதலாக மீன் போயிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஒருநாள் அவரிடம் கேட்டேன், எதற்கு அண்ணன் அந்தக் கை இல்லையே என்று தோன்றும் என்று. "வெட்டுறதுக்கு ஒரு கை காணும் தம்பி. பிடிக்கிறதுக்குத்தான் மற்றக் கை" என்றார். இப்போது தங்கை மகன் ஒருவன் பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் வந்து நிற்கிறான். பையைத் திறக்கிறான், காசை வாங்குகிறான். அந்த நாட்களில் அவருடைய குற்றிதான் முதலில் காலியாகும்.

ஷாங்ஸின் கப்பலில் அந்தத் தங்கை மகனுடைய வேலையைப் பார்க்கிறவர் துணைத் தலைவர் பென் பெக்மன். மரின்ஃபோர்டில் ஷாங்ஸ் ஒரு பக்கம் பேசிக்கொண்டிருக்க, அட்மிரல் கிஸாருவின் முன்னால் துப்பாக்கியை நீட்டி அவரை அசையாமல் நிறுத்தியது பெக்மன்தான். தலைவனின் இடது பக்கத்தை அடைத்து நிற்க ஆள் இருக்கிறது. மருமகனின் சாட்சிகளில் ஷாங்ஸ் தோற்றம் காட்டுகிற இடமெல்லாம் கூட்டம் பின்னால் நிற்கிற இடங்கள். மிஹாக்கோடு மோதுகிற மோதலில் அப்படி ஒருவரும் நிற்க முடியாது. அங்கே மனிதன் தனி.

நெல்சனின் முள்ளுக்கரண்டி

திருகோணமலைத் துறைமுகம்தான் உலகத்திலேயே சிறந்த துறைமுகம் என்று பிரித்தானியக் கடற்படைத் தளபதி நெல்சன் சொன்னதாக எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள், சுற்றுலா வழிகாட்டிகள் இரண்டு தரம் சொல்வார்கள். அந்த நெல்சனும் ஒற்றைக் கைக் கடலோடிதான். 1797இல் டெனரிஃப் தீவைத் தாக்கப் போய் வலது கையில் குண்டு பட்டு, அன்றிரவே கப்பலில் வைத்துக் கையை எடுத்தார்கள். இடது கையால் எழுதப் பழகி, இடதுகை அட்மிரலால் இனி யாருக்கும் பயனில்லை என்று மனம் நொந்து எழுதினார். எழுதின ஆள் அடுத்த வருடம் நைல் போரில் வென்றார், 1801இல் கோபன்ஹேகனில், 1805இல் ட்ரஃபல்கரில். பெரிய வெற்றிகள் எல்லாம் கை போன பிறகு வந்தவை.

ஆனால் அதே நெல்சன் சாப்பாட்டு மேசையில் இறைச்சியை வெட்ட, கத்தியும் முள்ளும் ஒன்றாகச் சேர்த்துச் செய்த ஒரு கருவியைப் பாவித்தார். கடற்படையை நடத்த ஒரு கை காணும், இறைச்சித் துண்டை வெட்ட இரண்டு வேண்டும். அவருக்குப் போன கையின் விரல்கள் இன்னும் இருப்பது போலத் தோன்றிக்கொண்டே இருந்தனவாம். அதை ஆன்மா இருப்பதற்கு அத்தாட்சி என்றாராம். இல்லாத கை வலிக்கிறது என்று என்னிடம் வருகிறவர்களுக்கு நான் ஆன்மாவைப் பற்றிச் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன் 1990களில் கொண்டுவந்த கண்ணாடிப் பெட்டியைத்தான் வைக்கிறேன். இருக்கிற கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும், மூளை கொஞ்சம் ஏமாந்து கொடுக்கும். எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு வலி இறங்கும்.

கொடுத்த கையும் பறிபோன கையும்

வைட்பியர்ட் ஷாங்ஸிடம் இடது கையை எந்த எதிரிக்குக் கொடுத்தாய் என்று கேட்கிற இடம் உண்டு. புதிய யுகத்தின் மேல் பந்தயம் கட்டிவிட்டேன் என்பது பதில். எனக்கு இந்த வழக்கில் மிகவும் பிடித்த வரி அது. தன் கையைத் தானே வெட்டிக்கொண்ட பாண்டியனைப் பொற்கைப் பாண்டியன் என்று நாம் கொண்டாடுகிறோம். கை குறைந்தவன் என்று யாரும் சொல்லவில்லை, பெயரில் பொன்னைக் கூட்டினார்கள்.

கிளினிக்கிலும் இந்த வேறுபாட்டைப் பார்க்கிறேன். ஒரு காரணத்துக்காக இழந்தேன் என்று சொல்ல முடிகிறவர்கள் பயிற்சிக்கு நேரத்துக்கு வருகிறார்கள். என் மடத்தனத்தால் போனது என்று நினைக்கிறவர்களை வீட்டுக்குப் போய்க் கூட்டிவர வேண்டியிருக்கிறது. மனம் தெளிவாக இருந்தால் மிச்சக் கை வேகமாகத் தேறும். ஆனால் மனத் தெளிவு கண்ணில் விழுந்த மணலைத் துடைக்காது.

மதிப்பீடு

குறைந்தது. தோழன் சொன்னது சரி. ஆனால் அவன் காட்டிய இடத்தில் குறையவில்லை. வெட்டின் பலத்தில் ஒன்றும் போகவில்லை, கிட் சாட்சி. போனது இரண்டு வெட்டுக்கு நடுவில் இருக்கிற நேரம்: ஊன்றுவது, துடைப்பது, பிடிப்பது, இடது பக்கத்தை அடைப்பது. சண்டை குறுகினால் அந்த நேரம் கணக்கில் வராது. கிட்டின் அடி விழப்போவதைத் தன் முன்னறியும் ஹாகியால் பார்த்தவுடன் பாய்ந்து ஒரே வெட்டில் முடித்ததை மருமகன் அலட்சியமான பலம் என்று படித்தான். நான் அதை, சண்டையை நீளவிடாத ஒருவரின் பழக்கமாகப் படிக்கிறேன். மீன் வெட்டுகிற அண்ணனும் ஆணியில் குத்துவதை இரண்டாம் தரம் செய்ய மாட்டார்.

கதையிலேயே இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மிஹாக்கின் வாள்திறன் ஷாங்ஸையும் மிஞ்சியது என்று கடற்படை சொல்கிறது. ஆனால் மிஹாக்கின் தலைக்கு விலை 359 கோடி, ஷாங்ஸின் தலைக்கு 404 கோடிக்கு மேல். தனியாக நின்றால் யார், கூட்டத்தோடு வந்தால் யார் என்று கடற்படைக்காரர் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

முதல் அத்தியாயத்துக்குத் திரும்பி வருகிறேன் என்றேன் அல்லவா. அன்று ஷாங்ஸிடம் இரண்டு கை இருந்தது. ஒன்று பிள்ளைக்கு, ஒன்று விலங்குக்கு. இன்று அதே தண்ணீரில் இன்னொரு பிள்ளை விழுந்தால் அவரிடம் ஒன்றுதான் இருக்கிறது. வாளா பிள்ளையா என்றால் அவர் எதைப் பிடிப்பார் என்பதில் சந்தேகம் இல்லை. வாளைப் பிடிக்க வேறு கை இருக்காது. முறைப்பு வேலை செய்யட்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

பரிந்துரை என்று ஒரு பகுதியும் தாளில் உண்டு. எழுதினேன்: வலது தோளையும் கழுத்தையும் வருடம் ஒருமுறை பார்க்கவும், இருக்கிற ஒரு கையில் எல்லா வேலையும் விழுவதால் முதலில் அதுதான் பழுதாகும். இடது பக்கத்தில் எப்போதும் ஒரு ஆள் நிற்கவும். குடியைக் குறைக்கவும்.

பெடியன்கள் இருவரும் விறாந்தையில் பிளேன்ரீயோடு உட்கார்ந்து இதை வாசித்தார்கள். தோழன் வென்ற முகத்தோடு இருந்தான். மருமகன் கடைசித் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தான்.

"மாமா, அப்ப இரண்டு கையும் இருந்த காலத்தில ஷாங்ஸ் மிஹாக்கை வென்றிருப்பாரா?"

தோழன் கோப்பையைக் கீழே வைத்தான். "அது எப்படியடா வெல்லுவார்?"

நான் உள்ளே போய் இன்னும் கொஞ்சம் தண்ணீர் கொதிக்க வைத்தேன்.